முளைக்காத விதைகளுக்கு ஒரு நிமிட மௌனம்

எங்கள் பக்கத்தில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அவன் முகத்தைப் பார்க்க மாட்டோம். நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் அவன் வயலைப் பார்ப்போம். நல்ல உரம், நல்ல விதை, நேரான சால் எல்லாம் அந்த வயலுக்குத்தான் போகும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலில் முள்செடி மண்டிக் கிடக்கலாம், வேலி படுத்துக் கிடக்கலாம், அது அவன் குடும்ப விஷயம். ரோட்டோர வயல் ஊருக்குப் பொது. அதைக் கடக்கும்போது ஒவ்வொருவரும் வண்டியின் வேகத்தைக் குறைத்து, முழங்கையை ஜன்னலில் ஊன்றி, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்கள். பேச வேண்டியதை மாலையில் பப்பில் பேசிக்கொள்வார்கள்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். என் இருக்கை உயரம் என்பதால் எந்த வேலியும் எனக்கு ஒரு பொருட்டில்லை. ஆஸ்திரேலியாவின் விம்மெரா சமவெளியில் கோரம்பில் என்கிற எங்கள் ஊரில் பயிர் விஷயத்தில் என் வாய்க்கு ஒரு மதிப்பு உண்டு. பாதிரியாரே விதைத்த பிறகு எப்படி வந்திருக்கிறது என்று என்னிடம்தான் கேட்பார்.

சில வருடங்களுக்கு முன்னால் லெஸ் ட்ரெவினின் ரோட்டோர வயலில் முளைத்தது எதுவும் பார்லி இல்லை. 'பெங்கெல்லி அண்ட் சன்ஸ்' மூட்டையில் பார்லி விதை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லெஸ் நம்பி விதைத்தான். பாதி முளைக்கவே இல்லை. முளைத்த மீதி காட்டு முள்ளங்கி. பெயரைக் கேட்டு யாரும் ஆசைப்பட வேண்டாம். அதில் கிழங்கும் கிடையாது, ஒரு புண்ணியமும் கிடையாது. வெளிர் மஞ்சளில் பூத்து, விதையை மண்ணில் கொட்டிவிட்டு, வருடக்கணக்காகக் குடியிருந்து உயிரை வாங்கும் களை அது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தெல்மா ஹின்ச்சின் பார்லி தலை வாரிவிட்டதுபோல நின்றது. என் பேருந்துப் பிள்ளைகள் லெஸ்ஸின் வயல் வரும்போதெல்லாம் "சாலட்! சாலட்!" என்று கத்தினார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் வருத்தமாக இருந்தது.

ஏனென்றால் லெஸ் மோசமான விவசாயி இல்லை. ஆட்டுக்கு விட்டிருந்த பின்வயல்களைத் தவிரப் பண்ணை முழுக்க அந்த விதையைத்தான் போட்டிருந்தான். "இன்னொரு வருஷம் இப்படிப் போச்சுன்னா பண்ணையை வித்துட்டு டவுனுக்குப் போக வேண்டியதுதான்," என்று அவன் மனைவி கிளெனிஸ் என்னிடம் சொன்னாள். மளிகைக் கடையில் உறைந்த பட்டாணிப் பெட்டிக்குள் தலையை விட்டபடி சொன்னாள். அழுவது தெரியக்கூடாதென்று.

பெங்கெல்லி கம்பெனியின் கதை எல்லாருக்கும் தெரியும். பேரன் பெங்கெல்லிக்குப் படகு பிடிக்கும். எங்கள் ஊரில் தண்ணீர் கிடையாது. விதை சலிக்கும் இயந்திரத்தை ஓட்ட வேண்டிய நேரத்தில் கொட்டகையில் படகைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஊரில் பாதி வயல்கள் பாழான பிறகு கம்பெனியை விற்றுவிட்டுப் படகோடு போய்விட்டான். வாங்கியது சிட்னியில் ஒரு முதலீட்டு நிறுவனம். இதற்கு முன்னால் ஒரு சுற்றுலாக் கப்பல் கம்பெனியை, பயணிகள் அத்தனை பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்த பிறகு, தூக்கி நிறுத்தியவர்களாம். அதனால் விதையும் அவர்களுக்குக் கைவந்த கலைதான் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

அடுத்த பிப்ரவரியில் ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். தேநீரும் லேமிங்டன் கேக்கும் உண்டு என்று அறிவித்ததால் ஊரே வந்திருந்தது. புதிய தலைவர் டேமியன் கிராஸ்க், கடையில் மடித்த மடிப்புக் கலையாத தொப்பியோடு மேடை ஏறினார். "என்னை நீங்க டேமியன்னே கூப்பிடலாம்," என்று அனுமதி வழங்கினார். பிரதமர் வந்தாலும் நாங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

"பெங்கெல்லி, விதை விக்கிற கம்பெனின்னு ஒரு தப்பான அபிப்பிராயம் இருக்கு," என்று ஆரம்பித்தார். "நாங்க விக்கிறது விதை இல்லை. நம்பிக்கை. விதைங்கிறது அந்த நம்பிக்கையைச் சுத்தி வர்ற ஒரு உறை, அவ்வளவுதான். ஊர்ல ஏன் இவ்வளவு கசப்புன்னு சிட்னியில உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணோம். விதை முளைக்கலைன்னு நிறைய பேர் சொல்றாங்க. ஆனா அது வெளியில தெரியுற அறிகுறிதான். உண்மையான பிரச்சினை என்னன்னா, விதை முளைக்காத அந்த வேளையில நாங்க உங்க பக்கத்துல இல்லை. இனிமே இருப்போம். அது என் வாக்கு."

"அப்ப இனிமேலும் முளைக்காதா?" என்று பின்வரிசையிலிருந்து தெல்மா கேட்டாள். கையில் இரண்டாவது லேமிங்டன்.

"ரொம்ப நல்ல கேள்வி," என்று டேமியன் பாராட்டினார். பாராட்டோடு விட்டுவிட்டார்.

லெஸ் எழுந்தான். பொதுக்கூட்டத்தில் அவன் எழுந்து நான் பார்த்ததே இல்லை. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "எனக்கு ஒரே ஒரு விஷயம்தான். முதல் மழைக்கு முன்னாடி நல்ல விதை கிடைக்குமா? மத்த கம்பெனிங்க எல்லாரையும் கேட்டாச்சு. இருந்தது எல்லாம் முன்பதிவுல போயிடுச்சாம்," என்றான்.

வாயைப் பாதி திறந்தபடி அவன் பதிலுக்குக் காத்திருந்த அந்த நொடியில் பளிச்சென்று ஒரு படம் எடுத்தார்கள். டேமியனுக்குப் பக்கத்தில் நின்ற போர்ஷா லாங்ஸ்டாஃப், கம்பெனியின் நம்பிக்கை மீட்புத் தலைவி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "எவ்வளவு உண்மையான முகம்!" என்றாள். டேமியன் மேடையிலிருந்து இறங்கி வந்து லெஸ்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் கல்யாணமான அன்றுகூட யாரும் அவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

"முதல் மூட்டை உங்களுக்குத்தான், லெஸ். இத்தனை பேர் முன்னாடி சொல்றேன்."

லெஸ் உட்கார்ந்தான். இத்தனை பேர் முன்னால் சொன்னதை ஒருவன் செய்யாமல் இருப்பான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் செய்த ஒரே தவறு அதுதான்.

மார்ச் மாதம் விதை வரவில்லை. ஒரு கேரவன் வந்தது. 'செவிமடுக்கும் வண்டி' என்று அதன் மேல் எழுதியிருந்தது. உள்ளே ஒரு மெத்தை நாற்காலி, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை, தலையாட்ட ஒரு பெண். விவசாயிகள் ஒவ்வொருவராகப் போய் மனதிலிருப்பதைக் கொட்ட வேண்டும். லெஸ் உள்ளே போய், "விதை எப்ப வரும்?" என்று கேட்டானாம். "அந்தக் கேள்வி உங்களுக்குள்ள என்ன உணர்வைக் கிளப்புது?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். லெஸ் யோசித்துவிட்டு, "விதை எப்ப வரும்கிற உணர்வுதான்," என்று சொல்லியிருக்கிறான். உணர்வுத் தெளிவு மிகுந்தவர் என்று அவனுக்கு ஒரு பேனா கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்ததுதான் மௌன அஞ்சலி.

முந்தைய வருடம் முளைக்காமல் போன விதைகளுக்காகக் கம்பெனி மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. விவசாயிகளிடம் அல்ல. அது பின்னால் வழக்கு, வில்லங்கம் என்று போகும் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். விதைகளிடமே கேட்பதென்று தீர்மானித்தார்கள். விதை வழக்குப் போடாது. ஒரு சனிக்கிழமை காலை லெஸ்ஸின் ரோட்டோர வயலின் வேலியோரம் சிட்னி ஊழியர்கள் எல்லாரும் கறுப்புச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். தொப்பிகளை எடுத்துத் தலை குனிந்தார்கள். நடுவில் லெஸ்ஸும் கிளெனிஸும். கிளெனிஸ் கையில் போர்ஷா வெள்ளைப் பூங்கொத்து ஒன்றைத் திணித்திருந்தாள். ஒருவர் சோகமாக ஊதுகுழல் வாசித்தார்.

நெடுஞ்சாலையில் போன வண்டிகள் எல்லாம் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தன. முழங்கையை ஜன்னலில் ஊன்றிப் பார்த்தவர்களுக்குக் கறுப்புச் சட்டையும் பூங்கொத்தும் கிளெனிஸும்தான் தெரிந்தார்கள். லெஸ் குள்ளம். சிட்னிக்காரர்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டான்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பாவம் லெஸ், மனசொடஞ்சு போய்ச் சேர்ந்துட்டான், அந்த முள்ளங்கிதான் காரணம். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு என்றால் யாரும் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. கேசரோல் சமைத்துக்கொண்டு போய் வாசலில் வைத்துவிடுவோம். மாட்டிறைச்சி, காய்கறி, மூடி போட்ட பாத்திரம், அடியில் ஒட்டிய காகிதத்தில் பெயர். பாத்திரம் திரும்பி வர வேண்டுமில்லையா? நானும் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் கால் வைக்க இடமில்லை. நான் குனிந்து என் பாத்திரத்தை வைக்கும்போது கதவைத் திறந்தது லெஸ்.

நான் போட்ட கூச்சலில் அவன் நாய் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டது.

"எல்லாரும் ஏன் இப்படிச் சோறு கொண்டுவர்றாங்கன்னே புரியலை," என்றான் லெஸ். "தெல்மாகூட வெச்சுட்டுப் போயிருக்கா. முப்பது வருஷத்துல அவ எனக்கு ஒரு பிஸ்கட் குடுத்ததில்லை."

"நீ செத்துட்டேன்னு நெனச்சோம்யா!"

லெஸ் வாசலில் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தான். "நல்லா சமைச்சிருக்கீங்க," என்றான். அந்த மாதம் முழுவதும் அவர்கள் இரண்டு பேரும் அவன் சாவுச் சாப்பாட்டையே சாப்பிட்டார்கள்.

கம்பெனிக்கோ அந்த அஞ்சலி மாபெரும் வெற்றி. நெடுஞ்சாலையில் அத்தனை வண்டிகள் மெதுவாகப் போனது மரியாதை நிமித்தம் என்று போர்ஷா அறிக்கை எழுதி சிட்னிக்கு அனுப்பினாள்.

ஏப்ரலில் மூட்டை வந்தது. சாதாரண மூட்டை இல்லை. கெட்டியான பருத்தித் துணி, இரட்டைத் தையல், ஓரத்தில் பச்சைக் கரை. முன்பக்கம் முழுக்க லெஸ்ஸின் முகம். ஊர் மன்றத்தில் விதை எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வாயைப் பாதி திறந்து நின்றானே, அதே முகம். கீழே, 'பெங்கெல்லி. உங்கள் வலி எங்களுக்குத் தெரியும்' என்று அச்சடித்திருந்தது. டேமியனே நேரில் வந்து கொடுத்தார். லெஸ் வாங்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், மூட்டையின் வாயைப் பிரித்து உள்ளே பார்த்தான்.

"காலியா இருக்கே."

"முதல் மூட்டை உங்களுக்குன்னு சொன்னேன்ல? சொன்ன சொல் தவறலை," என்றார் டேமியன், அவன் தோளைத் தட்டி. "உள்ள வர்றது அடுத்த கட்டம்."

ஏப்ரல் கடைசியில், போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் தினத்தை ஒட்டி முதல் மழை பெய்தது. அந்த மழைக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். எல்லாரும் டிராக்டரில் இருப்பார்கள். ஈரம் காய்வதற்குள் விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். என் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் நெடுஞ்சாலை நெடுக விதைப்பு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. லெஸ்ஸின் வயல் மட்டும் சும்மா கிடந்தது. அவன் தொப்பியோடு வேலியோரம் நின்று ஈரமண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். அன்று பிள்ளைகள் சாலட் என்று கத்தவில்லை. கத்தியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து அவனை ஏற்றிக்கொண்டு நேராகப் பெங்கெல்லி கிடங்குக்குப் போனேன். கிடங்கு இருந்த இடத்தில் 'விதை அனுபவ மையம்' இருந்தது. விதை சலிக்கும் பழைய இயந்திரத்துக்கு வெள்ளி வண்ணம் பூசி, சுற்றிலும் கயிறு கட்டி, மேலே விளக்குப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். தொடாதீர்கள் என்று அட்டை வேறு. விதை மூட்டை அடுக்கும் மேடையில் காபிக் கடை. பின்னால் ஒரு சுவர் உயரத்துக்கு லெஸ்ஸின் முகம் போட்ட காலிப் பைகள் கட்டுக் கட்டாக. அத்தனை லெஸ்களும் வாயைப் பிளந்துகொண்டு அவனையே பார்த்தார்கள்.

"விதை இருக்கு," என்றாள் போர்ஷா. "ஆனா இன்னும் வெளியில விடலை."

"சலிச்சாச்சா? முளைக்குதான்னு பார்த்தாச்சா?" என்றான் லெஸ்.

"அது இல்லை, லெஸ். நற்பெயர்ப் பரிசோதனை. இப்ப விதையைக் குடுத்து, அது முளைக்காமப் போச்சுன்னு வைங்க, நாங்க கட்டிக் காப்பாத்துனதெல்லாம் போயிடும். இந்தக் காலாண்டுல எத்தனை புகார் வந்துச்சு தெரியுமா? ஒண்ணுகூட இல்லை! கம்பெனி சரித்திரத்துலயே முதல் தடவை."

"நீங்க இன்னும் யாருக்குமே விதை விக்கலையேம்மா," என்றேன் நான்.

"அதேதான்," என்று முகம் மலர்ந்தாள். "இந்த எளிமையான உண்மை முன்னாடி இருந்த முதலாளிக்குப் புரியலை."

வெளியே வரும்போது லெஸ் கட்டுகளிலிருந்து காலிப் பைகளை இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டான். இலவசம்தானே, யாரும் தடுக்கவில்லை. வண்டியில் திரும்பும்போது, "கிளெனிஸ்கிட்ட என்னன்னு சொல்வேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். டேமியனை என் பேருந்துச் சக்கரத்துக்கு முன்னால் நிறுத்தினால் பிரேக் போடுவேனா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் அவன் ரோட்டைக் கடந்து தெல்மா வீட்டுக்குப் போனான். அது சாதாரண விஷயம் இல்லை. முப்பது வருடமாக அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் வயலை ஒருவர் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தே வாழ்ந்தவர்கள். பயிர்ப் போட்டிக் கோப்பை இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்குமாக மாறி மாறிப் போகும், பேச்சு மட்டும் போகாது. நடந்ததைத் தெல்மாவே பிற்பாடு எனக்கு நடித்துக் காட்டினாள்.

லெஸ் கையில் கழுவித் துடைத்த கேசரோல் பாத்திரம்.

"வாய்யா, செத்துப்போனவனே," என்றாளாம் தெல்மா. "பாத்திரத்தைக் குடுக்க வந்தியா?"

"ஆமா. பாத்திரம் குடுக்கத்தான்."

"அதுக்கு எதுக்கு யூட் வண்டி முழுக்க உன் மூஞ்சி போட்ட பையா ஏத்திட்டு வந்திருக்க?"

லெஸ் தரையைப் பார்த்தான். தெல்மாவுக்குச் சிரிப்பு வந்ததாம், ஆனால் அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டதாம். அவள் யாரையும் நம்பாதவள். ஒவ்வொரு வருடமும் தன் அறுவடையிலேயே விதை எடுத்துத் தேவைக்கு மேல் சேர்த்து வைத்திருப்பாள்.

"விதை தர்றேன். அறுவடை முடிஞ்சதும் மூட்டைக்கு மூட்டை திருப்பிப் போட்டுடு. ஆனா ஒண்ணு. ரோட்டோர வயல்ல ஒரு மணிகூடப் போடக்கூடாது. அங்க மண்ணு முழுக்க முள்ளங்கி. ஆட்டுக்கு விட்டிருந்தியே பின்னாடி, அந்த வயல் சுத்தமா இருக்கு. எல்லாத்தையும் அங்க போடு."

லெஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "ரோட்டோரத்தை வெறுமனே விடுறதா? ஊர் என்ன சொல்லும், தெல்மா?"

"ஊர் உனக்கு எழவுச் சாப்பாடே போட்டாச்சு. இதுக்கு மேல என்ன சொல்லப்போவுது?"

அப்படித்தான் கோரம்பிலில் முதல்முறையாக ஒருவன் நல்ல விதையை யாரும் பார்க்காத வயலில் விதைத்தான். நானே அதைக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் நினைத்தேன்.

ஜூனில் போர்ஷா லெஸ்ஸின் வீட்டுக்கு ஓடி வந்தாள். வசந்தத்தில் பங்குதாரர்களைக் கூட்டி வந்து விழா எடுக்கப் போகிறார்களாம். வயல் லெஸ்ஸுடையதாகத்தான் இருக்க வேண்டுமாம், வீழ்ந்த இடத்திலேயே எழ வேண்டுமாம். வந்து பார்த்தால் ரோட்டோரம் மொட்டையாகக் கிடக்கிறது. அதற்கென்று சிறப்பு அனுமதி வாங்கிக் கம்பெனி விதையைக் கொஞ்சம் வெளியே விட்டார்கள். லெஸ் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தான்.

"இதுல முள்ளங்கி இருக்கும்மா."

"ஒரே மாதிரி இருக்கணும்னு நாங்க வற்புறுத்துறதில்லை," என்றாள் போர்ஷா. "பன்முகத்தன்மை எங்க கொள்கை."

"சரி, போட்டுக்குங்க. அந்த வயல்ல இனி கெட்டுப்போக ஒண்ணும் இல்லை," என்றான் லெஸ். வேலியில் பெரிய பெங்கெல்லி பலகையும் ஏறியது.

அக்டோபரில் விழா. பங்குதாரர்களைப் பக்கத்து டவுனிலிருந்து ஏற்றி வர என் பேருந்தைத்தான் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். திருப்பத்தில் வண்டி திரும்பி வயல் கண்ணில் பட்டதும் உள்ளே இருந்த அத்தனை பேரும் "ஆஹா!" என்றார்கள். வேலியிலிருந்து வேலி வரை வெளிர் மஞ்சள். காற்று அடித்தால் பூக்கள் அலை அலையாகச் சாய்ந்தன. தேனீக்கள் மொய்த்தன.

"பார்லி இவ்வளவு அழகாப் பூக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதே!" என்றாள் முத்துமாலை போட்ட ஒரு பெண்மணி.

எனக்கும்தான் தெரியாது. ஓட்டுநர் பயணிகளுடன் பேசக்கூடாது என்று என் தலைக்கு மேலேயே எழுதியிருந்ததால் பேசாமல் இருந்தேன்.

ஊர்க்காரர்கள் வேலியோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. தெல்மா வாயைத் திறந்தாள், கிளெனிஸ் அவள் காலை மிதித்தாள். டேமியன் மைக் முன்னால் வந்து கையை வயல் பக்கம் விரித்தார்.

"ஒரு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல என்ன இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. இப்ப என்ன இருக்குன்னு கண்ணைத் திறந்து பாருங்க!"

நாங்கள் நினைத்துப் பார்த்தோம். கண்ணைத் திறந்தும் பார்த்தோம்.

"இது பயிர் இல்லை. இது ஒரு கம்பெனியோட மனசு," என்றார் டேமியன். "எங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா வேற எங்கயும் போக வேணாம். இந்த வயலைப் பார்த்தாப் போதும். நாங்க யாரு, எங்ககிட்ட என்ன இருக்கு, எல்லாம் இதோ பூத்து நிக்குது!"

பங்குதாரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். அந்த ஆள் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது, தட்டாமல் எப்படி இருப்பது?

பிறகு லெஸ்ஸை மேடைக்கு இழுத்தார்கள். அவன் மைக்கை ஒரு பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பொய் சொல்லப் போகிறானோ என்று எனக்குப் பயம். வயல் விஷயத்தில் லெஸ் பொய் சொன்னதில்லை.

"போன வருஷம் எப்படி வந்துச்சோ," என்றான் மெதுவாக, "அச்சு அசல் அப்படியே இந்த வருஷமும் வந்திருக்கு. கொஞ்சம்கூட மாறலை."

வேலியோரம் யாரோ பலமாக இருமினார்கள். டேமியன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நிலைத்தன்மை! கேட்டீங்களா? எங்க மூணாவது தூணே அதுதான்!"

பங்குதாரர்கள் கூடாரத்துக்குள் தின்பண்டத்துக்குப் போன பிறகு கிளெனிஸ் என் ஜன்னலைத் தட்டினாள். "பேருந்துல இடமிருக்கா? நம்ம ஆளுங்களைப் பின்னாடி ஒரு சுத்து கூட்டிட்டுப் போ." மண் பாதையில் வண்டியை விட்டேன். ஊரே உள்ளே இருந்தது, முழங்காலைப் பிள்ளைகள் இருக்கையில் மடக்கிக்கொண்டு. ஆட்டுக் கொட்டகையைத் தாண்டியதும் பார்லி வந்தது. இடுப்பளவு உயரம். கதிர் கனத்துத் தலை சாய்ந்து, ஒரு களை இல்லாமல், கண்ணுக்கெட்டிய வரை. நான் கேட்காமலே வேகத்தைக் குறைத்தேன். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு முழங்கை ஏறியது. லெஸ் படிக்கட்டருகே நின்று தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பண்ணை பிழைத்துவிட்டது. எதிரே யாரும் இல்லாமலே நான் ஹாரன் அடித்தேன்.

"மோசமில்லை," என்றாள் தெல்மா கடைசியில்.

எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. லெஸ் காது வரை சிவந்துவிட்டான்.

அறுவடைக்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. விதை எங்கே கிடைத்தது என்று எல்லாரும் கேட்டார்கள், லெஸ் எதிர் வீட்டைக் கைகாட்டினான். தெல்மா வீட்டு வாசலில் யூட் வண்டிகள் வரிசை கட்டின. லெஸ் திருப்பிப் போட்டது, அவளிடம் இருந்தது, எல்லாம் சேர்த்துக் கொட்டகை நிறைய விதை இருந்தது. அளந்து போடத்தான் சாக்கு இல்லை. ஊரில் சும்மா கிடைத்த சாக்கு ஒன்றே ஒன்றுதான். அனுபவ மையத்தில் போய்க் கேட்டால் கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள். தெல்மாவின் விதை முழுக்க லெஸ்ஸின் முகத்துக்குள் போனது. அடுத்த மழையில் அந்த விதை போட்ட வயலெல்லாம் நெடுஞ்சாலை நெடுகப் பச்சை கட்டியது. "லெஸ் மூஞ்சி போட்ட பையா? அப்ப முளைச்சிடும், பேசாமப் போடு," என்பது ஊர்ப் பேச்சானது.

பெங்கெல்லியின் கருத்துக்கணிப்பு ஆட்கள் வீடு வீடாக வந்து எந்த விதைப் பையை நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். ஊர் முழுக்க ஒரே பதில். புகார் இன்னமும் ஒன்றுகூட இல்லை. விற்பனையும் இல்லைதான், அதை யாரும் கேட்கவில்லை. நற்பெயர் மீட்புக்காகக் கம்பெனிக்கு ஒரு தேசிய விருது கிடைத்ததாம். சிட்னியில் டேமியன் கண்ணாடிக் கோப்பையோடு நிற்கும் படத்தைப் பத்திரிகையில் பார்த்தோம்.

இந்த வருடம் போர்ஷா மறுபடி வந்தாள், புகைப்படக்காரரோடு. உற்சாகம் தாங்கவில்லை அவளுக்கு. "லெஸ், நாம சாதிச்சுட்டோம்! அடுத்த கட்டம் ஆரம்பிக்குது. இந்த வருஷம் நிஜமாவே பைக்குள்ள எங்க விதையைப் போட்டு விக்கப்போறோம். துக்கக் காலம் முடிஞ்சிடுச்சு. அதனால இந்தத் தடவை நீங்க நல்லா வாய் நிறையச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேணும்."

லெஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேலியில் சாய்ந்து, கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. புகைப்படக்காரர் எடுத்துத் தள்ளினார், போர்ஷா நன்றி சொல்லிக் கிளம்பினாள். வண்டி தூசு கிளப்பிக்கொண்டு மறைந்ததும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்யா, உனக்குக் கிறுக்கா? உன் மூஞ்சியை நம்பி ஊரே அவங்க விதையை வாங்கப்போவுது!"

"வாங்க மாட்டாங்க," என்றான் லெஸ். "வாயைப் பிளந்த மூஞ்சி போட்ட பழைய பையில தெல்மா விதை. சிரிச்ச மூஞ்சி போட்ட பையில அவங்க விதை. இனிமே யாரும் பையைத் திறந்து பார்க்கவே வேணாம்."